கித்தேரி கைவிட்ட பக்கம்

புளியம்பள்ளத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால், உறவுக்காரர்களுக்குப் போன் போவதற்கு முன்பே கித்தேரிக்குத் தகவல் போய்விடும். அழுகிற வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அவள் பக்கத்து வீட்டு வாசலில் கல் கூட்டி, வந்தவர்களுக்குக் காப்பி வைத்து, பசியோடு சுற்றும் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துச் சோறு போடுவாள். அடக்கம் முடிந்து வருகிறவர்கள் குளிக்க வெந்நீர் காய்ந்துகொண்டிருக்கும். கல்லறையிலிருந்து கூட்டம் திரும்பி, கை கால் கழுவி உட்கார்ந்த பிறகு பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்புவாள். பிரசவித்த பெண்ணுக்குப் பத்தியக் குழம்பு, படுக்கையில் கிடக்கிற கிழவனுக்கு உடம்பு துடைப்பது என்று எல்லாவற்றுக்கும் அவள்தான். ஊரில் பாதிப்பேர் வேதக்காரர்களான கிறிஸ்தவர்கள், மீதிப்பேர் மாரியம்மன் கோயில்காரர்கள். கித்தேரி அந்தக் கணக்குப் பார்த்ததில்லை.

பொம்மிடியிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி போகும் சாலையில் பாதியில் இறங்கி, மரவள்ளிக் காட்டு வழியே உள்ளே நடந்தால் புளியம்பள்ளம். கித்தேரியம்மாள் அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தபோது ஊரில் ஒருவரையும் தெரியாது. வந்த வருடமே முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போயிற்று. அவள் எழுந்திருக்க முடியாமல் கிடந்த நாட்களில் யாரோ வந்து துணிகளை அலசிப் போட்டுவிட்டுப் போனார்கள், யாரோ கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி வாயில் ஊற்றினார்கள். முகங்கள் ஞாபகம் இருந்தன, பெயர்கள் தெரியவில்லை. எழுந்து நடக்கத் தொடங்கியதும் தானும் அப்படிப் போக ஆரம்பித்தாள். பிறகு ஒரு மகன் பிறந்தான், வளர்ந்து திருப்பூருக்கு வேலைக்குப் போனான். கணவன் இன்னாசிக்கு ரயில் பாதையில் வேலை. அவளுக்கு ஊர்ப் பள்ளியில் சத்துணவு சமையல் வேலை கிடைத்தது. நூறு பிள்ளைகளுக்குச் சமைத்த கை என்பதால் வேதக் கோயில் சமையலும் அவளிடமே வந்து சேர்ந்தது.

இத்தனையும் செய்தவளுக்கு ஓர் ஆசை இருந்தது. அதை ஆசை என்று அவள் நினைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் பங்குச்சாமி அறிவிப்பு வாசிக்கும்போது, "நம்ம கித்தேரியம்மா" என்று ஒலிபெருக்கியில் வந்தால் அவளுக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. தலையைக் குனிந்துகொள்வாள், முந்தானையைச் சரிசெய்வாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் எல்லோரிடமும் நின்று பேசுவாள். பெயர் சொல்லாமல் விட்ட ஞாயிறுகளில் இன்னாசியிடம், "புதுச்சாமிக்கு யாரு என்ன செய்யறாங்கன்னே தெரியல" என்பாள். அவன் சிரித்துவிட்டுப் போவான்.

சுசித்ரா அந்த ஊருக்கு மருமகளாக வந்து ஏழெட்டு வருடம் இருக்கும். தீர்த்தமலைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அருள்குமாரை விரும்பி, ஞானஸ்நானம் வாங்கி, கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள். அவள் பக்கத்தில் கொஞ்ச காலம் பேச்சுவார்த்தை இல்லை. இந்தப் பக்கம் மாமியார் சாலம்மாளுக்கும் மனம் ஒப்பவில்லை. அருள்குமார் ஓசூரில் கம்பெனி வேலை பார்த்துவிட்டு வாரக் கடைசியில் மட்டும் வருவான். மற்ற நாட்களில் அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். ஜெபமாலை சொல்லத் தெரியவில்லை, சிலுவை போடுவது கூடக் கை மாறுகிறது என்று சாலம்மாள் குழாயடியில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதன்முதலில் அந்த வீட்டுப் படியேறி, "ஏம்மா, எங்க, ஜெபமாலைய எடு, நான் சொல்றேன், நீ கூடச் சொல்லு" என்று உட்கார்ந்தவள் கித்தேரிதான். சுசித்ராவுக்குத் தையல் தெரியும். மிதி மிஷின் ஒன்று வைத்திருந்தாள். பள்ளியில் பிள்ளைகளின் சீருடை தைப்பதற்கு அவளைக் கை காட்டிவிட்டதும் கித்தேரிதான். குழந்தை தேவிப்பிரியா பிறந்தபோது சாலம்மாள் தலைவலி என்று படுத்துக்கொள்ள, ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள். சுசித்ரா அவளை அக்கா என்று கூப்பிட்டாள். வேறு யாரையும் அந்த ஊரில் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அந்த வருடத் தவக்காலத்தில் கித்தேரி அவளிடம் சொன்னாள்: "பெரிய வெள்ளிக்குக் கஞ்சி காய்ச்ச நீயும் வா கண்ணு. கோயில் வேலையில நாலு பேரோட நின்னுட்டன்னா பேசற வாயெல்லாம் தானா அடங்கிரும்."

சுசித்ரா விடிந்ததும் வந்துவிட்டாள். பச்சரிசியும் பாசிப்பருப்பும் களைந்தாள், தேங்காய் துருவினாள், புகையில் கண் எரிய நின்று துடுப்புப் போட்டுக் கிளறினாள். மற்றப் பெண்கள் முதலில் ஒதுங்கி நின்று, பிறகு பேச ஆரம்பித்து, பதினோரு மணிக்கெல்லாம் அவள் ரவிக்கைக் கையின் வெட்டை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கித்தேரிக்குத் திருப்தியாக இருந்தது.

சிலுவைப் பாதை ஊர்வலம் குன்றிலிருந்து இறங்கி, கூட்டம் கோயில் மைதானத்துப் பந்தலுக்கு வந்தபோது நல்ல வெயில். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத கிழவிகள் உட்கார்ந்து தட்டை எதிர்பார்த்தார்கள். சூடான கஞ்சியை அண்டாவோடு தூக்கக் கூடாது, வாளியில் மொண்டுதான் கொண்டுபோக வேண்டும் என்பது கித்தேரியே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த பழக்கம். அன்றைக்கு அவசரம். "பாதி அண்டாதான் இருக்குது, ஒரே தூக்கா தூக்கிடலாம், புடி" என்றாள். ஈரச் சாக்கைச் சுற்றி ஒரு பக்கத்துக் காதை அவள் பிடித்தாள், இன்னொரு பக்கத்தைச் சுசித்ரா பிடித்தாள். அடுப்புக் கொட்டகையிலிருந்து பந்தல் வரை பக்கவாட்டில் அடி வைத்து நடந்தார்கள்.

பந்தலுக்குள் நுழையும்போது பங்குச்சாமி ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். "விடியக்காலையிலிருந்து நமக்காக அடுப்படியில் நின்ற நம்ம கித்தேரியம்மா, இதோ, வந்துகொண்டிருக்கிறார்கள்..."

கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கித்தேரியின் தலைமுடி கலைந்து, முந்தானை தோளிலிருந்து நழுவியிருந்தது. அவள் ஒரு கையை எடுத்தாள். முந்தானையை இழுத்து, அந்தக் கையை அப்படியே நெஞ்சுக்கு நேரே வைத்து, சாமியாரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அண்டா அவள் பக்கம் இறங்கவில்லை. மற்றொரு கையால் அவள் வெடுக்கென்று தூக்கப் பார்த்ததில் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. கொதிக்கிற கஞ்சி சுசித்ராவின் இடது முழங்காலிலிருந்து இரண்டு பாதங்கள் வரைக்கும் கொட்டியது. தண்ணீராக இருந்தால் வழிந்து ஓடியிருக்கும். கஞ்சி தோலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. சுசித்ரா கத்தியது ஒலிபெருக்கியிலும் கேட்டது.

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அருள்குமார் பந்தலில் பரிமாற நின்றிருந்தவன் ஓடிவந்து அவளைத் தூக்கினான். யாருடைய காரிலோ போட்டுத் தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தலைமாட்டில் கித்தேரி உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் சுசித்ரா அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

கல்யாணமான இளம்பெண் தீப்புண்ணோடு, கொதிபட்ட புண்ணோடு வந்தால் ஆஸ்பத்திரியில் சும்மா விடமாட்டார்கள். போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள். ஒரு பெண் போலீஸ் வந்து அருள்குமாரையும் சாலம்மாளையும் வெளியே நிற்கச் சொன்னாள்.

"பயப்படாம சொல்லுமா. யாராச்சும் ஊத்துனாங்களா?"

"இல்லீங்க. கோயில்ல கஞ்சி தூக்கிட்டு வந்தோம். ஈரத் தரை. என் கால்தாங்க வழுக்கிடுச்சு."

சுசித்ரா சொல்லிவிட்டுக் கித்தேரியைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பெண் போலீஸ் திரும்பினாள்.

"நீங்கதான் கூடத் தூக்கிட்டு வந்தவங்களா? இந்தப் பொண்ணு சொல்றது சரிதானுங்களா?"

போலீசின் கையில் பேனா காத்திருந்தது. கதவுக்கு வெளியே ஊர்க்காரர்கள் நின்றார்கள். பங்குச்சாமியும் வந்திருந்தார்.

"ஆமாங்க" என்றாள்.

கை விட்டது ஒரு நொடியில் நடந்த காரியம். அதைத் தவறு என்று சொல்லலாம், கெட்ட நேரம் என்றும் சொல்லலாம். அந்த 'ஆமாங்க' அப்படி இல்லை. அதை யோசித்துத்தான் சொன்னாள். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. பின்னால் வந்த மாதங்களில் அவள் தூக்கத்தைக் கெடுத்தது கொட்டிய கஞ்சியைவிட அந்த ஒரு சொல்தான்.

சுசித்ரா வீடு திரும்பியபோது ஊரில் கதை முடிவாகியிருந்தது. பழக்கமில்லாத பெண், அவசரப்பட்டு வழுக்கிவிட்டாள். நல்ல மனசுக்காரர்கள் அத்தோடு நிறுத்தினார்கள். மற்றவர்கள், வேறு மதத்திலிருந்து வந்தவள் பெரிய வெள்ளிக் கஞ்சியைத் தொட்டால் இப்படித்தான் ஆகும் என்றார்கள். சாலம்மாள் மருமகளின் காதில் விழும்படியே பேசினாள்.

"பட்டினி கெடந்த சனங்க வாயில போக வேண்டிய கஞ்சிய மண்ணுல கொட்டுனா. எங்க வூட்டுப் பேரு இப்படியா மைக்குல வரணும்?"

சுசித்ரா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அந்தச் சமயம் கித்தேரி அவள் காலில் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். 'அது அவள் கொட்டியதில்லை' என்ற வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. கைகள் களிம்பைத் தடவின. வாக்கியம் வெளியே வரவில்லை.

அதற்குப் பதிலாக அவள் வேலை செய்தாள். காலையில் தன் வீட்டு வேலையை முடிக்கும் முன் சுசித்ராவின் வீட்டுக்குப் போய் அவளைக் கழிவறைக்குத் தாங்கிக் கூட்டிப்போவாள், தலை வாரிவிடுவாள், தேவிப்பிரியாவுக்குச் சீருடை போட்டுத் தன்னோடு பள்ளிக்கு அழைத்துப்போவாள். மாலையில் மறுபடி போவாள். கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் லீவு போட்டுக் கூடப் போனாள். சனிக்கிழமை சுசித்ராவின் துணிகளை எல்லாம் மூட்டை கட்டி எடுத்துப்போய்த் துவைத்து, அந்த வீட்டுக் கொடியிலேயே காயப்போட்டாள்.

"போதும்க்கா. நீங்க ஒக்காருங்க கொஞ்ச நேரம்" என்று சுசித்ரா சொல்லுவாள்.

"நீ சும்மா இரு. இதெல்லாம் ஒரு வேலையா?"

உட்கார்ந்தால் பேச வேண்டியிருக்கும். அதனால் கித்தேரி உட்காரவே இல்லை. சுசித்ரா ஏதோ கேட்க வருவதுபோல் பார்க்கும்போதெல்லாம் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஊர் அவளை முன்னைவிட அதிகமாகப் புகழ்ந்தது. பெற்ற தாய்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்றார்கள். ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் பங்குச்சாமி, அடிபட்டுக் கிடந்தவனை எடுத்துப் பராமரித்த நல்ல சமாரியன் உவமையைச் சொல்லிவிட்டு, "இந்த உவமைக்கு நாம் எரிக்கோ வரை போக வேண்டியதில்லை" என்று பெண்கள் பக்கம் பார்த்தார். யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. முன்பு உள்ளே குளிர்ந்த இடத்தில் இப்போது எரிந்தது. நற்கருணை வாங்க வரிசை எழுந்தபோது, பாவத்தோடு அதை வாங்கக் கூடாது என்று கித்தேரி எழவில்லை. முழங்கால் வலி என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள்.

இன்னாசி கவனித்தான். மண்டி போட்டுத் தரை துடைக்கிறவளுக்கு என்ன முழங்கால் வலி? ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி கேட்டான்.

"என்ன ஆச்சு ஒனக்கு? அந்தப் பொண்ணு காலு ஆறிட்டு வருது. நீ என்னமோ நாளுக்கு நாள் கருத்துப் போற."

அவள் அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் சாப்பாட்டுக் கை காய்ந்துபோகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா, நீ கைய எடுத்தது?"

"என் எதுத்தாப்புலதானே இருந்தா. அவளுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

"தெரிஞ்சுமா உன்னக் காட்டிக் குடுக்கல?" என்றான். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். பங்குச்சாமி இளவயசுக்காரர். முழுவதும் கேட்டு முடித்தார். பிறகு, கடவுள் மன்னிக்கிறார் என்றும், ஆனால் அந்தப் பெண்மேல் விழுந்த பழியை எடுத்துவிட வேண்டியது அவள் கடமை என்றும் சொன்னார். "முதலில் அந்தப் பெண்ணிடம் போய்ப் பேசுங்கள். எப்படிச் செய்வது என்று இரண்டு பேரும் முடிவு பண்ணுங்கள்." கித்தேரி ஆகட்டும் சாமி என்றாள். பழியை எடுக்க வேண்டும் என்பது மட்டும் அவள் மனத்தில் பதிந்தது. சுசித்ராவிடம் தனியாகப் போய் உட்கார்ந்து, அந்தக் கண்களைப் பார்த்துப் பேசுவது என்று நினைத்தாலே பயமாக இருந்தது. கூட்டத்தில் சொல்வது அதைவிட எளிது என்று பட்டது.

மாதத்தில் ஒருமுறை அன்பியக் கூட்டம், ஒவ்வொரு தெருவுக்கும் தனியாக வீட்டில் கூடி ஜெபிப்பது. அந்த மாதம் சாலம்மாளின் வீட்டில் நடந்தது. சனிக்கிழமை மாலை. அருள்குமாரும் வந்திருந்தான். சுசித்ராவை நாற்காலியில் உட்காரவைத்துக் காலுக்கு ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். வேத வாசகம் முடிந்து, நன்றி சொல்லுகிற நேரம் வந்தது. சாலம்மாள்தான் ஆரம்பித்தாள்.

"ஆண்டவர் எங்க வூட்டுக்குக் கித்தேரிய அனுப்புனாரு. எம் மருமவ பண்ணுன கூத்துக்கு அவ தண்டனை அனுபவிக்கறா..."

"அவ பண்ணலைங்க" என்று கித்தேரி எழுந்து நின்றாள். "நான்தான் கைய எடுத்தேன். சாமி என் பேரச் சொன்னாரு. எல்லாரும் என்னப் பாத்தாங்க. முந்தானையச் சரி பண்றதுக்குக் கைய எடுத்துட்டேன். அவ கால் வழுக்கவே இல்ல. போலீசம்மா கேட்டப்ப ஆமான்னு பொய் சொன்னேன். இத்தனை நாளா நீங்க அவளப் பேசறதக் கேட்டுக்கிட்டு வாயத் தொறக்காம இருந்தேன்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. உடம்பு லேசானதை அவள் உணர்ந்தாள். இரண்டு பெண்கள் எழுந்து வந்து அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டார்கள். சொல்ல மனம் வந்ததே பெரிய காரியம் என்று ஒருத்தி சொன்னாள். அவர்கள் தோள்களுக்கு இடையே கித்தேரி சுசித்ராவைப் பார்த்தாள். சுசித்ராவின் முகம் வெளுத்திருந்தது.

அருள்குமார் மனைவியிடம் திரும்பினான். "எங்கிட்டயும் வழுக்குச்சுன்னுதானே சொன்ன?"

அவள் சேலையை இழுத்துக் காலை மூடினாள்.

"வெளிய என்ன நிக்க வெச்சு, நீ ஊத்துனியா, உங்கம்மா ஊத்துனாங்களான்னு கேட்டாங்க. எல்லார் முன்னாடியும். நெசத்த எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"பொய்யி சொல்லிப் போலீசு வரைக்கும் போயிருக்கா" என்றாள் சாலம்மாள். ஒரு குற்றம் கழன்றதும் இன்னொன்றை மாட்டிவிட அவளுக்கு நேரம் ஆகவில்லை. "இன்னும் என்னென்ன பொய்யி இருக்குதோ."

கூட்டம் ஜெபம் சொல்லாமலே கலைந்தது.

மறுநாள் ஞாயிறு பூசைக்குப் பிறகு கித்தேரி சுசித்ராவைப் பார்க்கப் போனாள். சுசித்ரா உள்ளறையில் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த மிஷினை அவள் மிதித்து மாதங்களாகியிருந்தன.

"என்ன மன்னிச்சிரு கண்ணு" என்றாள் கித்தேரி.

"உக்காருங்கக்கா." கஞ்சி கொட்டிய நாளுக்குப் பிறகு முதன்முறையாகக் கித்தேரி அந்த அறையில் உட்கார்ந்தாள். சுசித்ரா சத்தம் போடவில்லை.

"அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னேன்னு கேட்டீங்களா ஒரு நாளாவது? போலீசம்மா நின்னப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். உசுரே இல்ல. எனக்கு இந்த ஊர்ல இருந்தது நீங்க ஒருத்தர்தான். சரி, இப்ப நாம சொல்லிடுவோம், நாளைக்கு அக்காவே எல்லார்கிட்டயும் சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன். நீங்க வந்தீங்க. துணி தொவைச்சீங்க. பாத்திரம் வெளக்குனீங்க. நான் காத்துக்கிட்டே இருந்தேன்."

கித்தேரி தலையைத் தூக்கவில்லை.

"அத்தை பேசறப்பல்லாம் உங்களத்தான் பாப்பேன். நீங்க வாளிய எடுத்துக்கிட்டுப் போயிருவீங்க. அப்புறம் நானே மனச ஆத்திக்கிட்டேன். போவட்டும், இது எங்களுக்குள்ள இருக்கட்டும்னு. அவருக்கும் சொல்ல வேணாம்னு. ஆறின பின்னாடி வந்து கொட்டிட்டீங்களேக்கா. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம, எங்க வூட்டுலயே, எல்லார் முன்னாடியும். உங்களக் கட்டிப் புடிச்சு அழுதாங்க. எனக்கு யாரு இருந்தா?"

"உம்மேல இருக்கற பழிய எடுக்கணும்னுதான்..."

"எம்மேல இருக்கறத எடுக்க வரல நீங்க. உங்க மேல இருந்தத எறக்கி வெக்க வந்தீங்க." அவள் முக்காலியிலிருந்து காலை மெல்ல இறக்கினாள். "இனிமே வராதீங்க. நான் பாத்துக்கறேன்."

கித்தேரி எழுந்தாள். கொடியில் முன்தினம் அவள் துவைத்துப் போட்ட துணிகள் காய்ந்து கிடந்தன. மடித்து வைத்துவிட்டுப் போகலாமா என்று ஒரு கணம் நின்று, தொடாமல் போனாள்.

அந்த வாரமே சுசித்ராவின் அப்பா தீர்த்தகிரி வந்து மகளையும் பேத்தியையும் தீர்த்தமலைக்கு அழைத்துப்போனார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அந்த வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சாலம்மாள் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார், ஆனால் உட்காரவில்லை. கித்தேரி பள்ளிச் சமையலறை ஜன்னலிலிருந்து வண்டி போவதைப் பார்த்தாள். தேவிப்பிரியா பள்ளியைப் பார்த்துக் கையசைத்தது.

பிறகு வந்த மாதங்கள் கித்தேரிக்குக் கடினமானவை. ஊர் அவளை ஒதுக்கவில்லை. அதுவே அவளை வாட்டியது. ஒத்துக்கொண்டவள் என்று மதிப்புக்கூடக் கூடியிருந்தது. சுசித்ராவைப் பற்றித்தான், புருஷனிடமே மறைத்தவள் என்று பேச்சு ஓடியது. அந்தப் பேச்சு எழுந்த இடங்களில் கித்தேரி இப்போது வாயைத் திறந்தாள். குழாயடியில், ரேஷன் கடை வரிசையில், கல்யாணச் சமையற்கட்டில், "அவ எனக்காகச் சொன்னா. அத நான் கெடுத்தேன். அவளப் பேசாதீங்க" என்று சொன்னாள். கேட்டவர்கள் சிலர் சங்கடப்பட்டு நகர்ந்தார்கள். கித்தேரி மாறிவிட்டாள், எதற்கெடுத்தாலும் அதையே இழுக்கிறாள் என்றார்கள். சாவு வீடுகளுக்கு அவளைக் கூப்பிடுவது கொஞ்சம் குறைந்தது.

பங்குச்சாமியிடம் போய், கோயில் சமையலிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றாள். "விலகி?" என்று அவர் கேட்டார். "யாராவது பழகும்வரை இருங்கள். இனி ஒலிபெருக்கியில் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னதில் எனக்கும் பங்கு உண்டு" என்றார் அவர். வீட்டுக்கு வந்து இன்னாசியிடம் அதைச் சொன்னாள். அவன், "பேரச் சொல்லலீன்னா என்ன, சோறு வேகாமயா போயிடும்?" என்றான். நெடுநாளைக்குப் பின் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஒருமுறை தீர்த்தமலைக்குப் போகக் கிளம்பினாள். அருள்குமாரைக் கேட்டபோது, "வேணாங்க, நானே போயிப் பேசிக்கறேன்" என்றான். அவன் வாரா வாரம் அங்கே போய்க்கொண்டிருந்தான். முதலில் மாமனார் வீட்டு வாசலோடு திரும்பினான், பிறகு சாப்பிட்டுவிட்டு வந்தான். கிறிஸ்துமசுக்கு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு புளியம்பள்ளத்துக்கே வந்தான். சாலம்மாளுக்கு மேல்வீடு, தங்களுக்கு முன்பக்கத்து அறை என்று அடுப்பைப் பிரித்துக்கொண்டார்கள். சுசித்ராவின் மிஷினுக்கு அவள் அப்பா மோட்டார் மாட்டிக் கொடுத்திருந்தார். தெருவில் போகும்போது அதன் ஓசை கேட்கும். கித்தேரி அந்த வீட்டைக் கடக்கும்போது நடையை மெதுவாக்கிக்கொள்வாள். உள்ளே போகவில்லை. கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த பெரிய வெள்ளிக்கும் கஞ்சி அவள்தான் காய்ச்சினாள். வாளிகளில் மொண்டு, ஆள் வைத்துக் கொடுத்தனுப்பிவிட்டுக் கொட்டகையிலேயே இருந்துகொண்டாள். சுசித்ரா பந்தலுக்கு வந்தாள் என்றும், கஞ்சி வாங்கவில்லை என்றும், மகளுக்கு மட்டும் வாங்கிக் கொடுத்தாள் என்றும் பரிமாறியவர்கள் வந்து சொன்னார்கள்.

போன ஆடி மாதம் ஒரு நாள் கித்தேரி பாப்பிரெட்டிப்பட்டிக்கு ஏதோ அலுவலகக் காரியமாகப் போய்விட்டு, பொம்மிடி பஸ்ஸில் ஏறினாள். நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நகர்ந்தபோது, ஜன்னல் ஓரத்தில் சுசித்ரா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பக்கத்து இருக்கையில் துணிப்பை ஒன்று இருந்தது. லைனிங் துணியும் நூல்கண்டுகளும் பிதுங்கிக்கொண்டிருந்தன. திரும்பி வேறு பக்கம் போய்விடலாம் என்றால் பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள்.

சுசித்ரா அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கித்தேரி உட்கார்ந்தாள். சுசித்ராவின் செருப்புக் காலில் தோல் திட்டுத்திட்டாக வெளுத்தும் கருத்தும் இருந்தது. பாதத்தின் மேல் ஓரிடம் பளபளவென்று இழுத்துப் பிடித்திருந்தது. பார்க்கக் கூடாது என்று முன்னால் பார்த்தாள். பஸ் கிளம்பிச் சந்தைமேட்டைத் தாண்டியது.

"பாப்பாவுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்துருச்சு" என்றாள் சுசித்ரா.

"ஆமா, பள்ளிக்கூடத்துல பாத்தேன். வாயப் பொத்திக்கிட்டே பேசறா."

"கிண்டல் பண்றாங்களாம். போட்டாவுக்குக்கூட வாயத் தொறக்க மாட்டேங்கறா."

"மொளச்சிரும். எம் பையனுக்கும் அதே வயசுலதான்."

கித்தேரிக்கு உள்ளே ஒரே தவிப்பு. மன்னிச்சிட்டியா கண்ணு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். இத்தனை மாதம் காத்திருந்த கேள்வி நாக்கில் வந்து நின்றது. கேட்டால் இந்தப் பெண் பதில் சொல்லியாக வேண்டும். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் அந்தச் சுமை மறுபடி அவளுக்குத்தான். ஒருமுறை கேளாமலே ஏற்றிவைத்தது போதும் என்று நினைத்தாள். உள்ளங்கையில் பயணச்சீட்டைச் சுருட்டிச் சுருட்டி வைத்துக்கொண்டு, "மழை வருமாட்டம் இருக்குது" என்றாள்.

"ஆமாங்க்கா, சித்தேரி மலைப் பக்கம் கருத்துக் கெடக்குது."

அக்கா என்றது பழைய அக்காவா, ஊரில் எல்லோரையும் இப்போது கூப்பிடுகிற அக்காவா என்று கித்தேரியால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊர் நிறுத்தம் வந்தது. சுசித்ரா பையோடு முதலில் இறங்கி, "வர்றேங்க" என்று சொல்லிவிட்டு, இடது காலைச் சற்றுக் கவனமாக ஊன்றி மரவள்ளிக் காட்டு வழியில் நடந்தாள். அவள் கொஞ்சதூரம் போகட்டும் என்று கித்தேரி நிறுத்தத்திலேயே நின்றாள்.

வீட்டில் இன்னாசி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"பஸ்ஸுல சுசித்ரா எனக்கு எடம் குடுத்தா" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "என்ன பேசுனீங்க?"

"அவ பாப்பாவுக்குப் பல்லு விழுந்ததப் பத்தி."

"வேற?"

"வேற ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிவிட்டு, சாக்கிலிருந்து ராகியை அளந்து முறத்தில் கொட்டிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.